வடிவங்களைத் தானே கண்டுபிடிக்கும் சார்ட் மென்பொருள்: கண் கூர்மை, வால்யூம் கணக்கு மந்தம்

விலையும், எவ்வளவு கைமாறியது என்ற அளவான வால்யூமும் சார்ட்டில் உருவாக்கும் வடிவங்களைத் தானாகவே கண்டுபிடித்து, பெயரிட்டு, கோடு போட்டு, ஒலியெழுப்பி அறிவிக்கும் மென்பொருள்கள் இப்போது ஏராளமாக விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றுள் ஒன்றைக் குறுகிய கால ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கான விலையை இன்றே பேசி முடிக்கும் ஒப்பந்தங்கள்) வர்த்தகத்தில், பெரும்பாலும் ஐந்து நிமிட சார்ட்டிலும் சில வேளைகளில் ஒரு நிமிட சார்ட்டிலும், சில மாதங்கள் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்து எழுதும் மதிப்புரை இது. தயாரிப்பின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இங்கே சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல, இந்த வகை மென்பொருள்கள் கட்டப்படும் முறையிலேயே பொதிந்திருப்பவை. வேறொரு மென்பொருளை வாங்க நினைப்பவரும் இதே கேள்விகளைக் கொண்டு அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடிவத்தைப் பிடிக்கும் வேலையை இந்த மென்பொருள் நன்றாகவே செய்கிறது. அந்த வடிவத்துக்கு அடியில் ஓடும் வால்யூமை வாசிக்கும் வேலையில்தான் தடுமாறுகிறது. குறுகிய கால ஃபியூச்சர்ஸில் ஒரு பிரேக்அவுட்டை, அதாவது விலை வடிவத்தின் எல்லைக் கோட்டை உடைத்துக்கொண்டு போவதை, நம்பலாமா கூடாதா என்பதைப் பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையே முடிவு செய்வதால், விளம்பரத்தில் முன்னிறுத்தப்படும், வடிவம் தேடும் ஸ்கேனரைவிட, யாரும் பேசாத வேறு சில கருவிகளே இதில் காசு கொடுக்கத் தகுந்தவை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

தொகுப்பில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. டபுள் டாப், டபுள் பாட்டம், ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ், மூவகை முக்கோணங்கள், ஃபிளாக், வெட்ஜ், செவ்வகம் ஆகிய விலை வடிவங்களைத் தேடித் தரும் ஸ்கேனர் முதலாவது. வழக்கமான வால்யூம் பட்டைகள், எந்த விலையில் எவ்வளவு கைமாறியது என்று காட்டும் வால்யூம் புரொஃபைல், வாங்குபவர் துரத்தி வாங்கினாரா விற்பவர் துரத்தி விற்றாரா என்று பிரித்துக் காட்டும் டெல்டா ஆகியவை இரண்டாவது. முடிந்துபோன நாட்களை ஓடவிட்டுப் பார்க்கும் ரீப்ளேவும், பழைய விலைகளில் வடிவங்கள் எப்படிப் பலித்தன என்று கணக்கிடும் பேக்டெஸ்ட் அறிக்கையும் மூன்றாவது.

இவற்றை இரண்டு ஒப்பந்தங்களில் சோதித்தேன். ஒன்று, சிகாகோ மெர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்ச் 1997 செப்டம்பரில் அறிமுகப்படுத்திய, அமெரிக்கப் பங்குக் குறியீடு ஒன்றைச் சார்ந்த இ-மினி எஸ் அண்ட் பி 500. அதில் குறியீட்டின் ஒரு புள்ளிக்கு மதிப்பு 50 டாலர். விலையின் மிகச் சிறிய நகர்வான ஒரு டிக் 0.25 புள்ளி, அதாவது 12.50 டாலர். மற்றொன்று டபிள்யூடிஐ என்ற அமெரிக்க வகைக் கச்சா எண்ணெய். ஒரு ஒப்பந்தம் 1,000 பீப்பாய், ஒரு டிக் ஒரு சென்ட், ஆகவே 10 டாலர். இந்தச் சோதனைக்கு ஃபியூச்சர்ஸ் பொருத்தமான களம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு ஒப்பந்தத்தின் வர்த்தகம் ஒரே எக்ஸ்சேஞ்சில் நடப்பதால், சார்ட்டில் தெரியும் வால்யூம் உண்மையாகக் கைமாறிய ஒப்பந்தங்களின் எண்ணிக்கை. உடனடியாகக் கைமாறும் ஸ்பாட் அந்நியச் செலாவணி சார்ட்டுகளில் வால்யூம் என்ற பெயரில் காட்டப்படுவது பெரும்பாலும் விலை எத்தனை முறை மாறியது என்ற எண்ணிக்கைதான். ஃபியூச்சர்ஸில் நல்ல தரவு கிடைத்தும் ஒரு மென்பொருள் வால்யூமைத் தவறாக வாசித்தால், பழியைத் தரவின் மீது போட முடியாது.

முதலில் ஸ்கேனரின் நல்ல பக்கம். இரண்டு திரைகளில் பல ஒப்பந்தங்களையும் பல கால அளவுகளையும் திறந்து வைத்திருப்பவரின் கண்ணுக்குத் தப்பிவிடும் ஒரு டபுள் பாட்டத்தை (ஏறத்தாழ ஒரே ஆழத்தில் அடுத்தடுத்து இரண்டு பள்ளங்கள்) இது தவறவிடுவதில்லை. கோடுகளை ஒழுங்காக வரைகிறது. நாம் ஆசைப்படும் வடிவத்தை இல்லாத இடத்தில் பார்க்கும் மனித பலவீனம் இதற்கு இல்லை. வேலை செய்யும் முறையும் மர்மமானது அல்ல. விலைத் தொடரிலுள்ள இரைச்சலை மென்மையாக்கி, அடுத்தடுத்த உச்சங்களையும் பள்ளங்களையும் எடுத்து, அவற்றின் உயரங்கள் குறிப்பிட்ட விதிகளுக்குள் அடங்குகின்றனவா என்று பார்க்கிறது. இந்த வழியை ஆய்வுலகில் முறைப்படி வகுத்த கட்டுரைகளில் முக்கியமானது, நிதியியல் பேராசிரியர் ஆண்ட்ரூ லோவும் உடன் இருவரும் அமெரிக்கப் பங்குகளின் 1962 முதல் 1996 வரையிலான தினசரி விலைகளைக் கொண்டு செய்து 2000-இல் வெளியிட்டது. ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் என்றால் அடுத்தடுத்த ஐந்து திருப்புமுனைகள். நடுவிலுள்ள தலை மற்ற இரண்டு உச்சங்களைவிட உயரமாக இருக்க வேண்டும். இரு தோள்களும் தம் சராசரியிலிருந்து 1.5 சதவீதத்துக்குள்ளும், இரு பள்ளங்களும் அவ்வாறே தம் சராசரியிலிருந்து 1.5 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது அவர்களின் வரையறை.

இந்த 1.5 சதவீதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தினசரி பங்கு விலையில் அது நியாயமான சலுகை. குறியீடு 5,000 புள்ளிகளில் இருக்கும்போது இ-மினியில் அதுவே 75 புள்ளிகள். சாதாரணமான பல நாட்களில் முழு நாளின் ஏற்ற இறக்கமே அதற்குள் முடிந்துவிடும். ஆகவே, நாள் கணக்கில் உருவான விதியை நிமிட சார்ட்டுக்கு அப்படியே கொண்டுவந்தால் எந்தக் கிறுக்கலும் ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் ஆகிவிடும். நான் சோதித்த மென்பொருளில் இந்தச் சலுகை அளவை மாற்ற இடம் இருக்கிறது, ஆனால் சதவீதமாக மட்டும்தான். அன்றைய சராசரி கேண்டில் (ஒரு கால அளவின் விலை நகர்வைக் காட்டும் கட்டை) உயரத்தின் மடங்காகவோ டிக் எண்ணிக்கையாகவோ கொடுக்க வழியில்லை. அமைதியான நாளுக்குப் பொருந்தும்படி சதவீதத்தைக் குறைத்தால், ஆட்டம் மிகுந்த நாளில் ஸ்கேனர் ஒன்றையும் கண்டுபிடிக்காமல் மௌனமாகிவிடுகிறது. வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

இரண்டாவது கேள்வி, வடிவம் எந்த நொடியில் அறிவிக்கப்பட்டது என்பது. மேலே சொன்ன ஆய்வில், கடைசித் திருப்புமுனைக்குப் பிறகு மேலும் மூன்று நாட்கள் கடந்த பின்னரே வடிவம் கண்டுபிடிக்கப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். ஏனெனில் ஓர் உச்சம் உச்சம்தான் என்பது அதற்குப் பிந்தைய விலைகள் இறங்கிய பிறகே தெரியும். நேர்மையான எந்த மென்பொருளுக்கும் இந்தத் தாமதம் உண்டு. ஆனால் நாள் முடிந்த பின் சார்ட்டைத் திறந்தால், வடிவத்தின் பெயர் அந்த உச்சத்தின் தலைக்கு நேராகவே எழுதப்பட்டிருக்கிறது; அறிவிப்பு உண்மையில் வந்த கேண்டில் எதுவென்று தெரிவதில்லை. இதைவிடச் சங்கடமானது, காலையில் அறிவிக்கப்பட்டுப் பிற்பாடு பொய்த்துப்போன வடிவங்கள் மாலையில் சார்ட்டிலேயே இல்லாமல் போவது. அறிவிப்பு வந்தவுடன் திரையைப் படமெடுத்து வைத்து மறுநாள் ஒப்பிட்டால் இது வெட்டவெளிச்சமாகிறது. பழைய சார்ட்டுகளைப் புரட்டிப் பார்த்து மயங்கி வாங்குபவர், வெற்றி பெற்றவை மட்டும் மிஞ்சியிருக்கும் ஆல்பத்தைத்தான் பார்க்கிறார். ரீப்ளே முறையில் ஓட்டினால் மறைந்தவையும் திரும்ப வருகின்றன என்பதால், இலவசச் சோதனைக் காலம் கொடுக்கும் எந்த மென்பொருளையும் ரீப்ளேயில் மட்டுமே சோதிக்க வேண்டும்.

இனி வால்யூம். ஒவ்வொரு வடிவத்தின் மீதும் “வால்யூம் உறுதி” அல்லது “வால்யூம் பலவீனம்” என்று ஒரு முத்திரை குத்தப்படுகிறது. உதவிப் பக்கத்தில் சூத்திரம் வெளிப்படையாகவே இருக்கிறது: பிரேக்அவுட் கேண்டிலின் வால்யூம், அதற்கு முந்தைய 20 கேண்டில்களின் சராசரியைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் உறுதி, இல்லையேல் பலவீனம். தினசரி சார்ட்டில் இது பழுதில்லாத கணக்கு. ஐந்து நிமிட சார்ட்டில் 20 கேண்டில் என்பது 100 நிமிடம் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் வில்லங்கம் புரியும்.

இ-மினி வாரத்தில் ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு ஒரு மணி நேர இடைவெளி போக ஏறத்தாழ முழு நாளும் நடக்கிறது. நியூயார்க் நேரப்படி காலை 9:30-க்குப் பங்குச் சந்தை திறக்கும்போது வால்யூம் ஒரேயடியாக எகிறும். பிறகு படிப்படியாக இறங்கி நண்பகலில் மந்தமாகும். மாலை 4:00 மணி நெருங்கும்போது மீண்டும் ஏறும். சந்தையில் விசேஷமாக எதுவும் நடக்காத நாளிலும் வால்யூமின் உருவம் இப்படித்தான் இருக்கும். இப்போது 9:30 முதல் 9:35 வரையிலான முதல் கேண்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய 20 கேண்டில்கள் 7:50 முதல் 9:30 வரையிலான மெலிந்த நேரத்தைச் சேர்ந்தவை. ஆகவே அந்த நேரத்தில் எந்த வடிவம் உடைந்தாலும், அது எவ்வளவு உப்புச்சப்பில்லாத உடைப்பாக இருந்தாலும், “வால்யூம் உறுதி” முத்திரை நிச்சயம். மறுபுறம், 11:00 மணி வாக்கில் நடக்கும் ஒரு பிரேக்அவுட்டை 9:20 முதல் 11:00 வரையிலான சராசரியோடு, அதாவது நாளின் மிகப் பரபரப்பான நேரத்தோடு, ஒப்பிடுகிறது. எனவே நல்ல உடைப்புக்கும் “பலவீனம்” என்ற பட்டமே கிடைக்கிறது. அலுவலக நேரத்துப் பேருந்தில் நெரிசலைப் பார்த்துவிட்டு ஊரில் திருவிழா என்று முடிவு கட்டுவதைப் போன்ற கணக்கு இது.

செய்ய வேண்டியது என்னவோ சிக்கலானதல்ல. 11:00 மணிக் கேண்டிலை, கடந்த சில வாரங்களில் அதே 11:00 மணிக்கு நடந்த வால்யூமோடு ஒப்பிட வேண்டும். ஓர் உதாரணக் கணக்கு: கேண்டிலின் வால்யூம் 15,000 ஒப்பந்தங்கள், முந்தைய 20 கேண்டில்களின் சராசரி 18,000, மென்பொருளின் பார்வையில் இது பலவீனம். ஆனால் அதே மணித்துளியில் வழக்கமாக நடப்பது 9,000 மட்டுமே என்றால், இன்றைக்கு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாக ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று பொருள். முடிவு தலைகீழாகிவிடுகிறது. மென்பொருளில் சொந்தமாகச் சூத்திரம் எழுதும் வசதி இருப்பதால் இதை நானே எழுதிச் சேர்த்துக்கொண்டேன். எழுதும்போது சராசரிக்குப் பதிலாக இடைநிலை மதிப்பை எடுப்பது நல்லது, ஏனெனில் வட்டி விகித அறிவிப்பு வந்த ஒரே ஒரு பிற்பகல் சராசரியை வாரக்கணக்கில் உப்ப வைத்துவிடும். ஆனால் எழுதிய சூத்திரம் தனிப் பட்டையாகத்தான் திரையில் வருகிறது. ஸ்கேனர் குத்தும் முத்திரையை அதனோடு இணைக்க முடியவில்லை. வாடிக்கையாளர் சேவையிடம் கேட்டபோது, முத்திரையின் சூத்திரம் மாற்ற முடியாதது என்ற பதில் மரியாதையாக வந்தது.

இதே நோய் முக்கோணங்களிலும் இருக்கிறது. முக்கோணம் குறுகக் குறுக வால்யூமும் குறைய வேண்டும் என்பது பாடப்புத்தக விதி; மென்பொருளும் அப்படிக் குறைந்தால் கூடுதல் மதிப்பெண் தருகிறது. காலை 10:30 முதல் நண்பகல் வரை உருவாகும் ஏறக்குறைய எல்லா முக்கோணங்களிலும் வால்யூம் குறையத்தான் செய்யும். ஏனென்றால் அந்த நேரத்தில் முக்கோணம் இல்லாவிட்டாலும் அது குறையும். விதியில் பிழையில்லை, ஆனால் அந்த நேரத்தில் அது எதையும் வடிகட்டித் தருவதில்லை. அதே முக்கோணம் பிற்பகல் 2:30-க்கு மேல், வால்யூம் இயல்பாக ஏற வேண்டிய நேரத்தில், வால்யூம் வற்றியபடி உருவானால் அதுதான் உண்மையான செய்தி. இவ்விரண்டுக்கும் ஒரே மதிப்பெண் தரும் ஸ்கேனர், கோடு வரைவதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கச்சா எண்ணெயில் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் வாராந்திர இருப்பு அறிக்கையை வழக்கமாகப் புதன்கிழமை, நியூயார்க் நேரம் காலை 10:30-க்கு வெளியிடுகிறது. அதற்கு முந்தைய கால் மணி நேரத்தில் பெரிய ஆட்கள் தங்கள் ஆர்டர்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு காத்திருப்பார்கள். விலை ஒரு குறுகிய வரம்புக்குள் சுருங்கும், வால்யூம் தேயும். ஒரு புதன்கிழமை, ஒரு நிமிட சார்ட்டில் இந்தக் காத்திருப்பையே ஸ்கேனர் உயர்தர முக்கோணம் என்று அறிவித்தது. 10:30 கேண்டில் மேல்கோட்டைப் பாய்ந்து கடந்தது: “உறுதி”. அடுத்த கேண்டில் கீழ்க்கோட்டுக்கும் கீழே போய் முடிந்தது: மறுபடியும் “உறுதி”. இரண்டு அறிவிப்புகளும் ஒன்றையடுத்து ஒன்றாகத் திரையில் நின்றன. முதல் அறிவிப்பை நம்பி லாங் எடுத்தவரின், அதாவது விலை ஏறும் என்று வாங்கியவரின், ஸ்டாப் லாஸ் (நஷ்டத்தை நிறுத்தும் ஆர்டர்), ஆர்டர்கள் காலியாகக் கிடந்த அந்த நொடியில் எந்த விலையில் நிறைவேறியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், இதே மென்பொருளில் பொருளாதார அறிவிப்புகளின் அட்டவணை ஒரு தனிச் சன்னலில் இருக்கிறது, அதில் 10:30 அறிக்கை சிவப்பு நிறத்தில் எழுதப்பட்டும் இருக்கிறது. ஸ்கேனர் அதைப் பார்ப்பதே இல்லை.

நேரக் கணக்கைச் சரிசெய்துவிட்டாலும், வால்யூம் பட்டையின் உயரத்தை மட்டும் பார்ப்பது போதாது. உழைப்பையும் (வால்யூம்) அதன் விளைவையும் (விலை நகர்வு) ஒப்பிட வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சந்தை ஆய்வாளர் ரிச்சர்ட் வைக்காஃப் கற்பித்தார். இன்று கையில் இருக்கும் டெல்டாவைக் கொண்டு அதை அவர் காலத்தைவிட நெருக்கமாகப் பார்க்கலாம். ஒரு செவ்வகத்தின் மேல்விளிம்பு 5,020 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது முறையாக விலை அங்கே வருகிறது. வால்யூம் அந்த நேரத்து வழக்கத்தைவிட இரு மடங்கு. டெல்டா கணிசமான நேர்மறை, அதாவது கேட்கும் விலையைக் கொடுத்து வாங்கியவர்களே அதிகம். ஆனால் கேண்டிலின் உடல் இரண்டே டிக், முடிவு விலை 5,019.75. இவ்வளவு பேர் துரத்தி வாங்கியும் விலை நகரவில்லை என்றால், வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்ள விட்டு ஒருவர் குறித்த விலைக்குக் குறையாத லிமிட் ஆர்டரில் விற்றுக்கொண்டே இருக்கிறார் என்றுதான் அர்த்தம். அடுத்த கேண்டில் விளிம்பை ஒரு டிக் கடந்தவுடன், ஸ்கேனர் முந்தைய பட்டையின் உயரத்தையும் சேர்த்துக்கொண்டு “வலுவான வால்யூமுடன் பிரேக்அவுட்” என்று கூவுகிறது. அதே திரையில், அதற்குச் சற்றுக் கீழே, டெல்டா பட்டை வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கிறது. வாங்குபவர் இல்லாமல் விற்பவர் இல்லை என்பதால், வால்யூம் உயர்ந்தது என்பது இரு தரப்பும் உறுதியாக நின்றார்கள் என்பதை மட்டுமே சொல்லும். யார் வென்றார் என்பதை விலை கடந்த தூரம்தான் சொல்லும்.

ஸ்கேனர் பெயரிடும் வடிவங்களின் பக்கம் போகாமல், வால்யூம் புரொஃபைலையும் டெல்டாவையும் மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், இந்த மென்பொருளின் மேல் மரியாதை கூடுகிறது. 1980-களில் சிகாகோ போர்டு ஆஃப் டிரேடில் பீட்டர் ஸ்டைடில்மேயர் உருவாக்கிய மார்க்கெட் புரொஃபைல், எந்த விலையில் சந்தை எவ்வளவு நேரம் தங்கியது என்பதைக் காட்டியது. இன்றைய வால்யூம் புரொஃபைல் அந்த நேரத்துக்குப் பதிலாகக் கைமாறிய அளவை வைக்கிறது. அன்றைய வால்யூமில் ஏறத்தாழ 70 சதவீதம் நடந்த விலைப் பகுதியும், மிக அதிகமாக நடந்த ஒற்றை விலையும் மறுநாள் வர்த்தகத்துக்கு உருப்படியான எல்லைக் கற்களாகின்றன. பிரேக்அவுட் ஒன்று நேற்றைய அடர்த்தியான பகுதிக்குள்ளேயே நடக்கிறதா, அதிலிருந்து வெளியேறி வால்யூம் குறைந்த வெற்றிடத்துக்குள் நுழைகிறதா என்பது, அது ஃபிளாக்கா வெட்ஜா என்பதைவிடப் பல மடங்கு பயனுள்ள தகவல். புரொஃபைலை ஒவ்வொரு டிக்கிலிருந்தும் கணக்கிடும் தேர்வு இதில் இருக்கிறது. வழக்கமான அமைப்பில் மட்டும் ஒரு நிமிடக் கேண்டிலின் வால்யூமை அதன் உயரம் முழுவதும் சமமாகப் பரப்பிவிடுகிறது. அதனால் அதிக வால்யூம் விலை சில டிக்குகள் இடம் மாறித் தெரியும். நிறுவியவுடன் மாற்ற வேண்டிய முதல் அமைப்பு அது.

மைக்ரோ ஒப்பந்தங்களில் வர்த்தகம் செய்பவர்களுக்கு இன்னொரு நல்ல வசதி உண்டு. இ-மினியின் பத்தில் ஒரு பங்கான மைக்ரோ இ-மினி 2019 மே மாதத்தில் வந்தபின், சிறு முதலீட்டாளர்களில் பலர் அங்கே போய்விட்டார்கள். இரண்டின் விலையும் ஒட்டியே நகரும். ஆனால் பெரிய ஆட்களின் நடமாட்டம் இ-மினியின் வால்யூமில்தான் தெரியும். ஆர்டரை மைக்ரோவில் போட்டுக்கொண்டு, அடியில் இ-மினியின் வால்யூமைக் காட்டும்படி அமைக்க இந்த மென்பொருள் அனுமதிக்கிறது.

எக்ஸ்பைரி நெருங்கும் வாரங்களில் எச்சரிக்கை தேவை. இ-மினி மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் மூன்றாவது வெள்ளிக்கிழமை முடிவடைகிறது. அதற்கு முந்தைய நாட்களில் வர்த்தகம் அடுத்த ஒப்பந்தத்துக்கு இடம்பெயர்ந்துவிடும். பழைய ஒப்பந்தத்தின் சார்ட்டை மாற்றாமல் விட்டிருந்தால், வால்யூம் வற்றுவதைச் சந்தையின் சோர்வாக ஸ்கேனர் எடுத்துக்கொண்டு வடிவங்களுக்கு மதிப்பெண் வழங்கத் தொடங்குகிறது. அடுத்தடுத்த ஒப்பந்தங்களை ஒட்டிக் காட்டும் தொடர் ஒப்பந்தச் சார்ட்டைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் முந்தைய விலைகளை, ரோல்ஓவரின்போது பழைய, புதிய ஒப்பந்தங்களின் விலைகளுக்கு இடையே உள்ள இடைவெளிக்கு ஏற்பத் திருத்திக் காட்டுவதால், பழைய சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் (விலை தாங்கி நின்ற, தடைபட்ட) எண்கள் அப்போது உண்மையில் வர்த்தகம் நடந்த விலைகளாக இருக்காது. இன்னும் முடிக்கப்படாத ஒப்பந்தங்களின் எண்ணிக்கையான ஓபன் இன்ட்ரஸ்ட் பட்டையை நிமிட சார்ட்டில் வைத்திருப்பது அலங்காரத்துக்கு மட்டும்தான். எக்ஸ்சேஞ்ச் அதை நாளுக்கு ஒருமுறை வெளியிடுகிறது, திரையில் நாள் முழுவதும் ஒரே நேர்கோடு.

பேக்டெஸ்ட் அறிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் விற்பனைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் வருவது அதுதான். ஒவ்வொரு வடிவத்துக்கும் “இலக்கை எட்டிய வீதம்” என்று ஒன்றைக் காட்டுகிறது. அந்தக் கணக்கில் நாம் நெக்லைன் (வடிவம் உடையும் எல்லைக் கோடு) விலையிலேயே சரியாக உள்ளே நுழைந்ததாக வைத்துக்கொள்கிறார்கள். நடைமுறையை ஒரு டபுள் பாட்டத்தில் பார்ப்போம். இரு பள்ளங்களும் 5,000. நடு உச்சம் 5,006. உயரம் 6 புள்ளி. அதை உச்சத்தோடு கூட்டினால் இலக்கு 5,012. மென்பொருளின் உறுதி முத்திரை கேண்டில் முடிந்த பிறகுதான் வரும், கேண்டில் 5,008.25-இல் முடிகிறது, ஒரு டிக் ஸ்லிப்பேஜோடு (எதிர்பார்த்த விலையிலிருந்து நழுவல்) நமக்குக் கிடைப்பது 5,008.50. இலக்குக்கு மிச்சம் 3.50 புள்ளி, அதாவது ஒரு ஒப்பந்தத்துக்கு 175 டாலர். மென்பொருள் பரிந்துரைக்கும் ஸ்டாப் பள்ளத்துக்குக் கீழே 4,999.50, இழப்பு 9 புள்ளி, 450 டாலர். 175-ஐப் பெற 450-ஐப் பணயம் வைக்கும் இந்த வர்த்தகத்தில், கமிஷனைச் சேர்க்காமலே நூற்றுக்கு 72 முறை வென்றால்தான் கைநஷ்டம் இல்லாமல் வெளியே வரலாம். நெக்லைனிலேயே நுழைந்ததாகக் கணக்கிட்டால் அதே வர்த்தகத்தின் ஆதாயம் 300 டாலர், இழப்பு 325 டாலர். ஏறத்தாழ சரிபாதி வென்றாலே போதும் என்று தோன்றும். இந்த இரண்டு கணக்குக்கும் உள்ள இடைவெளியில்தான் அறிக்கையின் கவர்ச்சி முழுவதும் இருக்கிறது. நுழையும் விலையை “அடுத்த கேண்டிலின் தொடக்கம்” என்று மாற்றும் தேர்வு அமைப்புகளின் உள்ளே எங்கோ இருக்கிறது. மாற்றி ஓட்டிப் பார்த்தால் பட்டியலின் மேல்வரிசையில் இருந்த பல வடிவங்கள் கீழே இறங்குகின்றன.

விற்பனைப் பக்கத்தின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே வருமானம் என்ற பாணியில் எழுதப்பட்டிருக்கிறது. பிரேசிலில் 2013 முதல் 2015 வரையிலான காலத்தில் குறியீட்டு ஃபியூச்சர்ஸில் டே டிரேடிங் (அன்றே வாங்கி அன்றே விற்பது) தொடங்கியவர்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள், 300 நாட்களுக்கு மேல் தாக்குப்பிடித்தவர்களிலேயே 97 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்ததாகக் கண்டார்கள். கோடு வரைந்து தரும் கருவி ஒன்று இந்த விகிதத்தைப் புரட்டிவிடும் என்று நம்புவதற்கு, இத்தனை மாதங்களில் நான் பார்த்தவற்றில் எதுவும் இடம் தரவில்லை.

சில்லறைக் குறிப்புகள். திரை வேகமாக இயங்குகிறது. சந்தை திறக்கும் நொடிகளிலும் தேங்கவில்லை. எழுத்துகளின் அளவு சிறியது, மாற்றலாம். ஒரே வடிவம் ஒரு நிமிட, மூன்று நிமிட, ஐந்து நிமிட சார்ட்டுகளில் தனித்தனியாக ஒலிப்பதால் காதடைத்துப் போகிறது. அறிவிப்புகளைக் கால அளவுவாரியாக அணைத்து வைப்பது நல்லது. உதவிப் பக்கங்கள் தெளிவாக எழுதப்பட்டுள்ளன, சூத்திரங்களை மறைக்காமல் கொடுத்திருக்கிறார்கள். இந்த மதிப்புரையின் பாதிக் குறைகளை என்னால் எண்ணிக்கையோடு சொல்ல முடிந்ததே அவர்களின் அந்த நேர்மையால்தான். வர்த்தக நேர அமைப்பை மட்டும் கணினி நேரத்தில் விடாமல் எக்ஸ்சேஞ்ச் நேரத்துக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால், அமெரிக்காவில் கோடைகால நேரம் தொடங்கும், முடியும் வாரங்களில் அன்றைய புரொஃபைல் ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்கும்.

புதிதாகக் கற்பவர்களுக்கு ஸ்கேனரை நான் பரிந்துரைக்க மாட்டேன். வடிவத்தின் பெயரும் பச்சை முத்திரையும் சேர்ந்து வரும்போது, வால்யூம் பட்டையைத் தானே பார்க்கும் பழக்கம் அவர்களிடம் வளராமலே போய்விடும். ஏற்கெனவே தன் கண்ணால் வாசிக்கத் தெரிந்து, பல ஒப்பந்தங்களை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியவருக்கு, “இங்கே வந்து பார்” என்று தோளைத் தட்டும் உதவியாளாக அது பயன்படும், முத்திரையை அணைத்துவிடலாம். தொகுப்பின் பகுதிகளைத் தனித்தனியாகச் சந்தா கட்டி வாங்கலாம் என்பதால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது ஸ்கேனரை விட்டுவிட்டு வால்யூம் கருவிகளையும் ரீப்ளேவையும் மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறேன்.